ரமணி சயன்ஸ் வகுப்புக்குத்தான் போகிறாள்

கிள்ளான்
22.1.1984

அன்பு மகன் வாசுவுக்கு, அம்மா எழுதுவது. இங்கே அப்பா, ரமணி, நான் எல்லோரும் சுகம், லண்டன் குளிரில் நீயும் சுகமாக இருக்க மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன். போர்ட் கிள்ளானில் அப்பாவின் லோரிக்கு ஓயாத ஓட்டம், அவருக்கு முதுகுவலி, தைலம் தேய்க்கச் சொன்னால் கேட்டால்தானே. நீயாவது வேளைக்குச் சாப்பிடு, வெறும் ரொட்டியிலேயே காலம் தள்ளாதே.

இனிமேல் கோபமாகத்தான் எழுதப்போகிறேன். மூன்றாம் படிவ எஸ்.ஆர்.பி. பரீட்சையில் தங்கச்சி ரமணி கணக்கிலும் சயன்ஸிலும் ஏ வாங்கினாள் என்று அப்பா போனில் சொன்னதும் நீ அவரிடம், 'பொம்பளைப் பிள்ளைக்கு பிசிக்ஸ் எல்லாம் கஷ்டம்பா, ஆர்ட்ஸ்ல போட்டு டைப்பிங் படிக்க வைங்க' என்றாயாம். இந்த வீட்டில்தான் லண்டனிலிருந்து வந்த வார்த்தை சாமி வாக்கு ஆயிற்றே. மனுஷன் மறுநாளே ஸ்கூலுக்குப் போய், 'என் மகனே சொல்லிட்டான் சார்' என்று பெருமையாக ஆர்ட்ஸ் வகுப்புக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டார். ரமணி அழவில்லை, சோறு தின்னாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

நானே ஸ்கூலுக்குக் கிளம்பிப் போனேன். வகுப்புப் பிரிக்கிற ரெங்கசாமி வாத்தியார், 'மலாய், சரித்திரம்னா பொண்ணுங்கதான் முன்னுக்கு நிக்கிறாங்க, கணக்கு, பிசிக்ஸ்னா வருஷா வருஷம் பையன்கள்தான்க்கா' என்றார். நான் எஸ்டேட் பள்ளியில் படித்தபோது பெண்ணுக்குக் கணக்கே எதற்கு என்று என்னை ரப்பர் பால்வெட்ட அனுப்பிவிட்டு உன் மாமா கன்னையாவை டவுனுக்குப் படிக்க அனுப்பினார்கள். அதைச் சொல்லி, 'இப்போது கணக்கில் ஏ வாங்கிவிட்டோம் என்றதும் பிசிக்ஸ் வாசலில் நிறுத்துகிறீர்களா, உள்ளேயே விடாமல் வராது என்றால் எப்படி சார்' என்று கேட்டேன். பெண்ணுக்குத் தையல் தானாக வரும் என்பார்களே, நம்ம ரமணி தைத்த பாவாடையை நீ பார்க்கணும், கால் நுழைய வழி இல்லை, அந்தப் பாடத்தில்தான் அவளுக்கு மார்க் ஆகக் குறைச்சல். கடைசியில் வாத்தியார், 'சரிக்கா, முதல் தவணைப் பரீட்சை வரைக்கும் பார்ப்போம்லா, தாங்கலைன்னா ஆர்ட்ஸுக்கு மாத்திருவோம்' என்றார். பையன்களையும் இப்படித்தான் ஒரு தவணை பார்க்கிறீர்களா சார் என்றேன். பேனாவை எடுத்து சயன்ஸ் என்று மாற்றி எழுதிவிட்டார்.

உனக்குக் கணக்கு எந்த லட்சணத்தில் வந்தது என்று ஊருக்கே தெரியும் ராசா. உன்னை யாராவது ஆர்ட்ஸுக்குப் போ என்றார்களா? 'ஆம்பளைப் பையன், போகப்போகப் பிடிச்சுக்குவான்' என்றார்கள். நீயும் பிடித்துக்கொண்டாய், இன்றைக்கு எஞ்சினியருக்குப் படிக்கிறாய், எனக்குப் பெருமைதான். அந்தப் போகப்போக அவளுக்கும் வேண்டும்.

அப்பா என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஆனாலும் வெள்ளிக்கிழமை காலையில் லோரியைச் சுற்று வழியில் ஓட்டிப் போய் அவளை ஸ்கூலில் இறக்கிவிட்டார்.

நோய்நொடி இல்லாமல் நன்றாகப் படித்துப் பட்டம் வாங்கு, அம்மா ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. தங்கச்சிக்குத் தனியாக ஒரு கடிதம் எழுது. பிசிக்ஸில் உனக்குப் புரிந்ததைச் சொல்லிக்கொடு. டைப்பிங் என்ற பேச்சு அதில் இருந்தால் அவள் கைக்குப் போகாது, அடுப்புக்குத்தான் போகும்.

உனக்கும் ரமணிக்கும் அம்மா,
நல்லம்மாள்