நாற்பத்தொரு விநாடி

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நலம் என்று எழுதக் கை வரவில்லை. நானும் என் பெண் வாலும் உயிரோடு இருக்கிறோம். போனில் பேசினால் பாதியில் அழுதுவிடுகிறேன், நீயும் "சரிக்கா, சரிக்கா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம்.

உன் அத்தான் வீட்டைவிட்டுப் போய் நேற்றோடு எட்டு மாதம். தொழிற்சாலையில் இரும்புச் சட்டம் தலையில் விழுந்த நாளிலிருந்து தன் பேரே சில நாள் நினைவிருக்காது அவருக்கு. விலாசம் எங்கே சொல்லப்போகிறார்? ஸ்டேஷனில் என்னைப் பார்த்ததும் ஏட்டு ஃபைலைத் தொடாமலே, "தேடிட்டுதாம்மா இருக்கோம்" என்கிறார். காப்பகங்களுக்குப் போன் போட்டால் நேரில் வந்து பார் என்கிறார்கள். இரண்டு இடம் போய்ப் பார்த்துவிட்டேன். மீதி எல்லாம் ஒவ்வொன்றும் ஒரு நாள் பயணம். சலவைக்கூடத்தில் லீவு கேட்டால், "ஆஸ்பத்திரி பெட்ஷீட்டை நீ வர்ற வரைக்கும் நான் துவைக்கவா?" என்று கேட்கிறார் சூப்பர்வைசர்.

நீயும் உன் டைரக்டரும் வந்து ஐந்து நாள் என் வீட்டில் படம் எடுத்தீர்கள். "இன்னொரு தடவை கதவைத் திறந்து பாருங்கம்மா" என்றார் அந்த அம்மா. ஆறு தடவை திறந்தேன். உன் அத்தான் வருகிறார் என்று நினைத்துக்கொண்டே ஆறு தடவையும் திறந்தேன். எல்லாம் ஒன்றுக்காகத்தான். அவர் முகம் நாலு ஊரில் தெரிய வேண்டும். வாலுக்கு அவர் சடை பின்னும்போது போனில் நான் எடுத்தேனே, நிமிர்ந்து சிரிப்பாரே, அது படத்தில் எவ்வளவு நேரம் வருகிறது? எழுது.

உன் அக்கா

*

மார்ச் 15

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. எடிட்டிங் அறையிலேயே படுத்து எழுந்துகொண்டிருக்கிறேன், சட்டை மாற்றி மூன்று நாள் ஆகிறது.

நல்ல செய்தி. ஏப்ரல் 18 அன்று ஆவணப்பட விழாவில் நம் படத்தைத் திரையிடுகிறார்கள். டிக்கெட் வசூல் முழுக்க, வழி தெரியாமல் திரிகிறவர்களை வைத்துப் பார்க்கும் ஏழு காப்பகங்களுக்கு. அந்த ஏழு இடத்து ஆட்களையும் முன்வரிசையில் உட்கார வைக்கிறார்கள். நீ கதவைத் திறக்கும் இடத்தில் டைரக்டர் அம்மாவே கண் கலங்கிவிட்டார்.

சடை பின்னும் காட்சி நாற்பத்தொரு விநாடி வருகிறது. அதில் சட்டம் சம்பந்தமாக ஒரு சின்னப் பேச்சு ஓடுகிறது. நேரில் வரும்போது சொல்கிறேன். வாலுக்கு முத்தம்.

உன் தம்பி

*

மார்ச் 22

அன்புள்ள தம்பிக்கு,

ஏழு காப்பகத்து ஆட்களுமா! எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள் மாதிரி அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நான் வருஷம் முழுக்க அலைந்தாலும் முடியாதது. ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், ஏழு பேரும் அவர் முகத்தைப் பார்ப்பார்கள். ஒருத்தர் "அட, இவரா" என்று சொன்னால் போதும்.

சலவைக்கூடத்தில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். இஸ்திரி போடுகிறவள், "உன் வீட்டுக்காரர் ஹீரோ ஆயிட்டாரு. திரும்பி வந்தா நம்மளையெல்லாம் எங்க கண்டுக்கப்போறாரு" என்றாள். சிரித்தேன். எத்தனை மாதம் ஆயிற்று நான் சிரித்து.

அது என்ன சட்டப் பேச்சு? நீ சின்ன வயதில் மார்க்கு குறைந்தாலும் "நேரில் சொல்கிறேன்" என்றுதான் சொல்வாய். உடனே எழுது.

உன் அக்கா

*

ஏப்ரல் 2

அக்காவுக்கு,

நாலு கடிதம் எழுதிக் கிழித்துவிட்டேன். சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். படத்தில் அத்தான் முகம் தெரியாது. மறைத்திருக்கிறோம். மறைத்தது நான்தான்.

படத்தில் வரும் ஒவ்வொருவரும் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும் என்பது விழாக் குழுவின் விதி. நீ உனக்கும் வாலுக்கும் போட்டாய். அத்தானுக்கு அவரே போட வேண்டுமாம். உயிரோடு இருக்கிறவருக்கு மனைவி போட்டால் செல்லாது என்கிறார் வக்கீல். நான் கத்தினேன். டைரக்டர் அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "காணாமப் போனவருக்கும் மானம்னு ஒண்ணு இருக்குப்பா" என்றார். முடியாது என்றால் காட்சியையே தூக்கிவிடுவார்கள், என் வேலையும் சேர்ந்து போகும். உட்கார்ந்து ஃபிரேம் ஃபிரேமாக மறைத்தேன். அவர் சிரித்தபடி நிமிரும் இடத்தில் இரண்டு மணி நேரம் ஆயிற்று, தலை ஆடிக்கொண்டே இருந்ததால்.

விழாவுக்கு உன்னை மேடைக்குக் கூப்பிடுவார்கள். வராதே அக்கா. உன்னால் தாங்க முடியாது.

தம்பி

*

ஏப்ரல் 20

தம்பிக்கு,

போனேன். வாலை இஸ்திரிக்காரி வீட்டில் விட்டுவிட்டுப் போனேன். உன்னைத் தேடினேன். நீ வரவில்லையாம்.

அவர் கையெழுத்தை நான் எங்கே போய் வாங்குவேன்? வாங்க முடிந்தால் படம் எதற்கு? இதை உன் வக்கீலிடம் ஒருத்தர்கூடவா கேட்கவில்லை?

வாசலில் அவர் போட்டோ போட்ட நோட்டீஸை நீட்டினேன். கழுத்தில் அட்டை மாட்டிய பெண், உள்ளே நோட்டீஸ் கொடுக்க அனுமதி இல்லை என்று மொத்தமாக வாங்கி மேசைக்கு அடியில் வைத்தாள். படம் ஓடியது. நான் பெரிய திரையில் கதவைத் திறந்தேன். பக்கத்தில் ஒரு அம்மாள் மூக்கைச் சிந்தினார். அப்புறம் அவர் வந்தார். கழுத்துக்கு மேலே சாம்பல் நிறத்தில் ஒரு மூட்டம். மூட்டம் என் பெண்ணுக்குச் சடை பின்னியது.

மேடையில் பூங்கொத்து கொடுத்தார்கள். அதைக் கீழே வைத்துவிட்டு, பையில் ஒளித்துக் கொண்டுபோன போட்டோவைத் தூக்கிப் பிடித்து, "இவரை யாராவது பாத்தீங்களா?" என்று கேட்டேன். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். தட்டிக்கொண்டே இருந்தார்கள். நான் கேட்டது அவர்கள் காதில் விழவே இல்லை. ஒருத்தர்கூடக் கிட்டே வந்து பார்க்கவில்லை. முன்வரிசையில் காப்பகத்து ஆட்களைத் தேடினேன். படம் முடிந்த கையோடு வேனில் ஏற்றி அனுப்பிவிட்டார்களாம். பேச வந்த பெரிய மனிதர்களுக்கு நாற்காலி வேண்டியிருந்ததாம்.

அக்கா

*

மே 16

அக்கா,

உன் கடிதம் வந்தபின் எனக்கு வேலை ஓடவில்லை. போட்டோவை எடுத்துக்கொண்டு ஏழு காப்பகத்துக்கும் நேரில் போகக் கிளம்பினேன். ஐந்தாவது இடத்தில் கண்டுபிடித்தேன். எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. அத்தான் இல்லை அக்கா.

நிமோனியா. ஏப்ரல் 29. பேர் தெரியாதவர் என்று அடக்கம் செய்திருக்கிறார்கள். பதிவேட்டில் போட்டோ இருக்கிறது, இடது புருவத்துத் தழும்பு இருக்கிறது. அவர்தான்.

அங்கே அவரைப் பார்த்துக்கொண்டவர் ஒரு வயதான ஆள். விழாவில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாராம். "படம் நானும் பாத்தேன் சார். அந்த அம்மா கதவைத் தொறக்கறப்போ அழுதேன். அவர் மொகத்த மூடிட்டீங்களே சார். அப்ப அவரு எங்க வார்டுல உக்காந்து சாப்டுட்டிருந்தாரு" என்றார். பதினோரு நாள் அக்கா. பதினோரு நாள் இருந்திருக்கிறார்.

நானே போயிருக்கலாம். படம்தான் போகிறதே என்று இருந்துவிட்டேன்.

இன்னொன்றும் எழுதியாக வேண்டும். எழுதாவிட்டால் ஆபீசிலிருந்து நேராக உனக்கு வந்துவிடும். படம் அடுத்த விழாவுக்குப் போகிறது. இறந்துவிட்டதால் இப்போது நீ வாரிசாகக் கையெழுத்துப் போட்டால் முகத்தைத் திறந்துவிடலாமாம். படிவம் வைத்திருக்கிறேன். உன் இஷ்டம். என்னை மன்னித்துவிடு என்று கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

தம்பி

*

மே 24

தம்பி,

அந்தக் காப்பகத்துக்குப் போய் வந்தேன். மண் மேட்டில் ஒரு எண் இருந்தது. பேரைச் சொல்லி எழுதச் சொன்னேன். அந்தப் பெரியவர் தானே சுண்ணாம்பு எடுத்து எழுதினார். உன் அத்தான் நன்றாகச் சாப்பிடுவாராம், யார் தலை கலைந்திருந்தாலும் கூப்பிட்டு வாரிவிடுவாராம்.

படிவத்தை இத்தோடு திருப்பி அனுப்புகிறேன். கையெழுத்துப் போடவில்லை. கண்டுபிடிக்கத்தான் முகத்தைக் காட்டச் சொன்னேன். உட்கார்ந்து பார்த்து அழுவதற்கு இல்லை. இனி அந்த முகம் எனக்கும் என் பெண்ணுக்கும் மட்டும்.

ஏழு இடத்துக்கும் கிளம்பியதாக எழுதியிருந்தாய். தேட உனக்கு எத்தனை நாள் ஆயிற்று என்று பெரியவரிடம் கேட்டேன். கிளம்பி ஐந்தாம் நாள் அங்கே வந்ததாக நீயே அவரிடம் சொன்னாயாம். நாலு நாள் தேடியிருக்கிறாய், ஐந்தாம் நாள் கிடைத்துவிட்டார்.

ஐந்து நாள். என் வீட்டில் நீ கேமராவோடு இருந்ததும் அவ்வளவுதான்.

இனி எழுதாதே.

அக்கா