லேடீஸ் பெட்டியில் பாஸான கதை

பீர்க்கன்கரணை
20 ஜனவரி 2025

என்னை பிளாக் செய்து வைத்திருக்கும் அன்புள்ள சரிதாவுக்கு,

வாட்ஸப்பில் என் மெசேஜ் ஒற்றை டிக்கோடு நிற்கிறது. போன் போட்டால் கட்டாகிறது. மிச்சம் இருப்பது உன் முடிச்சூர் அட்ரஸ்தான். தபால்காரரை நீ பிளாக் செய்ய முடியாது, பார்.

கோபம் எதற்கென்று தெரியும். புத்தகக் கண்காட்சி மேடையில் நான் பேசியதை யாரோ வீடியோ எடுத்துப் போட்டுவிட்டார்கள். "தானே எழுதி, தானே போட்டுக்கொள்கிற மின்னூல்கள் வடிகட்டாத தண்ணீர்" என்றேன். உன்னை நினைத்துச் சொல்லவில்லை. பொதுவாகச் சொன்னேன். பதிப்பகத்தில் வேலை பார்ப்பவள் வேறென்ன சொல்வாள்?

நேற்று பரணைச் சுத்தம் செய்தபோது நாம் காலேஜ் நாளில் நடத்திய "லேடீஸ் பெட்டி" இதழ் ஒன்று கிடைத்தது. ஜெராக்ஸ் மை மங்கிவிட்டது. ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்து ஓரமெல்லாம் பழுப்பு. பொத்தேரியில் காலேஜ் விட்டு ஓடிவந்து மின்சார ரயிலில் லேடீஸ் கம்பார்ட்மென்டில் ஏறுவோமே, ஞாபகம் இருக்கிறதா? பூ கட்டுகிறவர்கள், பீன்ஸ் நறுக்குகிறவர்கள், ஷிப்ட் முடிந்த நர்ஸுகள். கதையை நீ சத்தமாகப் படிப்பாய். யாராவது ஒருத்தர் தான் இறங்க வேண்டிய ஸ்டேஷனைத் தவறவிட்டால்தான் அந்தக் கதை நம் இதழில் வரும். எவ்வளவு கிறுக்குத்தனமான விதி! வண்டலூரில் இறங்க வேண்டிய நர்ஸ் பிளஸ்ஸி அக்கா தாம்பரம் வரைக்கும் வந்துவிட்டு, "பாவிங்களா, எனக்கு நைட் டூட்டி" என்று நம்மைத் திட்டினாரே.

பதில் போடு. இரண்டு வரியானாலும் போதும்.

உன்
தீபா


முடிச்சூர்
2 பிப்ரவரி 2025

தீபா,

இரண்டு வரி போதாது எனக்கு.

பொதுவாகச் சொன்னாயாம். என் நாவல் உங்கள் நெடுவயல் பதிப்பக அலமாரியில் ஒரு வருஷத்துக்கு மேல் கிடந்தது. நான்தான் போன் மேல் போன் போட்டேன். கடைசியில் உங்கள் முதலாளி வைத்தீஸ்வரன் சார் ஒரு வரியில் பதில் எழுதினார்: "பேச்சு வழக்கு மிகுதி, வாசகருக்கு எட்டாது." எந்த வாசகருக்கு? எங்கள் கானாத்தூர் குப்பத்தில் நாங்கள் பேசுவது யாருக்கு எட்டவில்லை? கடலுக்குப் போகும் பாதையை மறித்து பங்களாச் சுவர் எழுப்பியவர்களுக்கும் நாங்கள் கத்தியது எட்டவில்லைதான்.

அதனால் நானே போட்டேன். மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை முடிந்து வந்து, யூடியூப் பார்த்து, அட்டை செய்து, "சுவருக்கு அந்தப் பக்கம் கடல்" என்று பேர் எழுதி, மின்னூலாக ஏற்றினேன். யார் காலிலும் விழவில்லை. யாருக்கும் சால்வை போர்த்தவில்லை. நீ அதற்கு வடிகட்டாத தண்ணீர் என்று பேர் வைத்தாய், கை தட்டினார்கள்.

உனக்கு ஒன்று சொல்லட்டுமா? உங்கப்பா ஏரிக்கரை நிலத்தை மனை போட்டு விற்றதால்தான் பதிப்பகம் தருகிற சின்னச் சம்பளத்துக்கு உன்னால் இலக்கியத் தொண்டு செய்ய முடிகிறது. யார் எழுத்து உள்ளே வர வேண்டும் என்று முடிவு செய்கிற நாற்காலியில் எங்கள் தெருப் பெண் ஒருத்திகூட உட்கார முடியாது. நீ சொல்கிற வடிகட்டியில் ஓட்டையின் அளவை முடிவு செய்ததே உங்கள் ஆட்கள்தானே?

பழைய இதழைத் தூக்கிப் போட்டுவிடாதே. என்னுடையதெல்லாம் 2015 வெள்ளத்தில், நாம் இதழ் எடுத்த ஏசுதாசன் அண்ணன் ஜெராக்ஸ் கடையோடு போய்விட்டது; அங்கேதான் கொடுத்து வைத்திருந்தேன். காகிதம் காலத்துக்கும் நிற்கும் என்று நீங்கள் சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்தக் கடை வாசலில் கிடந்த சகதிதான் நினைவுக்கு வருகிறது.

சரிதா

பி.கு.: அந்த வீடியோவில் உனக்கு அந்த நீலப் புடவை நன்றாக இருந்தது. அதற்காக பிளாக்கை எடுக்க மாட்டேன்.


பீர்க்கன்கரணை
11 மார்ச் 2025

சரிதாவுக்கு,

திட்டினதையெல்லாம் வாங்கிக்கொண்டேன். அப்பாவைப் பற்றி எழுதியதைப் படித்துத்தான் இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. பொய் இல்லை என்பதுதான் காரணம்.

இப்போது நல்ல செய்தி. உன் மின்னூலைப் பலர் படிப்பது வைத்தி சார் காதுக்கு வந்துவிட்டது. அவரே என்னைக் கூப்பிட்டு, "அந்தக் கானாத்தூர் பொண்ணு உன் பிரெண்டுதானேம்மா? நம்ம போட்டுடலாம்" என்றார். கெட்டி அட்டை, நல்ல தாள். அடுத்த கண்காட்சியில் வாசலைப் பார்த்த மேஜையில் உன் புத்தகம் இருக்கும். நீ எத்தனை வருஷம் அந்த மேஜைகளைத் தடவிப் பார்த்துவிட்டு வாங்காமல் வருவாய் என்று எனக்குத் தெரியும்.

நிபந்தனை இரண்டு. மின்னூலை எடுத்துவிட வேண்டும். உரையாடலைக் கொஞ்சம் பொதுத்தமிழுக்குக் கொண்டுவர வேண்டும். ஒப்பந்தத்தை இதோடு வைத்திருக்கிறேன். ஏப்ரல் முடிவதற்குள் கையெழுத்து வேண்டுமாம்.

உடனே கிழித்துப் போடாதே. ஒரு வாரம் வைத்திரு.

தீபா


முடிச்சூர்
24 மார்ச் 2025

அன்புள்ள தீபா,

கிழிக்கவில்லை. தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறேன். இது எனக்கே வெட்கமாக இருக்கிறது.

ஆசை இல்லை என்று சொன்னால் நீ நம்ப மாட்டாய். புத்தகக் கடையில் என் பேரை முதுகில் தாங்கிய புத்தகம் ஒன்று நிற்க வேண்டும் என்று காலேஜில் இருந்தே சொல்லிக்கொண்டிருப்பவள் நான். போனில் இருக்கிற புத்தகத்தை வைத்துக்கொண்டு "நான் எழுத்தாளர்" என்று சொன்னால், எங்கள் கடை ஓனர் ஜாய்சன் சார்கூட, "அப்படியா, புக்கு எங்கம்மா?" என்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை கானாத்தூர் போனேன். அம்மா ரோட்டோரம் மீன் கூடையோடு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் துலுக்காணம் பெரியம்மா. கூடைகளுக்கு நடுவில் ஐஸ் பெட்டி மேல் அம்மாவின் போனை நிற்க வைத்திருந்தார்கள். போன் என் நாவலைப் படித்துக்கொண்டிருந்தது, தீபா. படித்துக் காட்டுகிற வசதி இருக்கிறதே, அதை என் தம்பி குணா போட்டுக் கொடுத்திருக்கிறான். ரயில்வே அறிவிப்பு மாதிரி ஒரு குரல். அழுகை வரும் இடத்தையும் மீன் விலையையும் ஒரே மாதிரி சொல்கிறது. எழுத்துப் படிக்கத் தெரியாத இந்த ரெண்டு பேரும் அதையே வாய் பிளந்து கேட்கிறார்கள். வஞ்சிரம் என்ன விலை என்று கேட்ட ஆளிடம் பெரியம்மா, "இரு சார், செவுத்துகிட்ட போலீஸ் வந்துகீது" என்றாள். அவர் சுற்றிலும் பார்த்தார்.

அம்மாவிடம் ஒப்பந்தத்தைச் சொன்னேன். "புக்காவே வருதா!" என்று முகமெல்லாம் பல். அப்புறம் கேட்டாள்: "அது பேசுமா?"

பேசாது என்றேன்.

"அப்ப நான் இன்னா பண்றது, பூ வெச்சு கும்புடறதா?"

 இதற்குப் பதில் உனக்குத் தெரிந்தால் எழுது. கண்ணாடிக் கடையில் தினமும் பார்க்கிறேன், எழுத்து கண்ணுக்குத் தட்டுப்படாமல் படிப்பையே விட்டவர்கள் எத்தனை பேர் வருகிறார்கள் என்று. போனில் எழுத்தைக் கட்டைவிரல் அளவுக்குப் பெரிதாக்கிக் கொடுத்தால், "இது முன்னாடியே இருந்துச்சா?" என்கிறார்கள். இவர்கள் எல்லாரையும் வெளியே நிறுத்திவிட்டுத்தான் நான் அந்த மேஜை மேல் ஏற வேண்டுமா? ரெண்டும் இருக்கட்டுமே. ஏன் ஒன்றை எடுத்தால்தான் ஒன்று?

சரிதா


பீர்க்கன்கரணை
5 ஏப்ரல் 2025

சரிதா,

கேட்டுப் பார்த்தேன். "போன்ல சும்மா கெடைக்கிறதை எவன்ம்மா காசு கொடுத்து வாங்குவான்?" என்றார் வைத்தி சார். மின்னூலுக்கும் காசு உண்டு என்றேன். "அது காசா?" என்று சிரித்தார். அவ்வளவுதான் பேச்சு.

எனக்கு உன் மேலும் கோபம் இருக்கிறது. மாதம் எத்தனை கதைக் கட்டு வருகிறது தெரியுமா எங்களுக்கு? எல்லாரும் தங்களைத் தாங்களே மேதை என்று நினைத்துக்கொள்கிறார்கள். யாராவது உட்கார்ந்து இது தேறும், இது தேறாது என்று சொல்ல வேண்டாமா? அந்த வேலையை மரியாதையாகச் செய்கிறவள் நான். என்னைச் சுவர் கட்டினவளாக்கிவிட்டாய்.

சும்மா புரட்டியபோதே ஒன்று கண்ணில் பட்டது. நாலாம் அத்தியாயத்தில், நடுக்கடலில், கதைக்கு நடுவே இப்படி ஒரு வரி நிற்கிறது: "இந்தக் காத்துக்குப் பேர் இன்னா? அம்மாவைக் கேக்கணும்." உனக்கு நீயே எழுதிக்கொண்ட குறிப்பு. அழிக்காமல் ஏற்றிவிட்டாய். எடிட்டர் என்று ஒருத்தி இருந்திருந்தால் இது நடக்குமா? தைரியமாகச் சொல்.

தீபா


முடிச்சூர்
13 ஏப்ரல் 2025

அன்புள்ள தீபா,

நடக்காது. தைரியமாகவே சொல்கிறேன். உன் மாதிரி ஒருத்தி பக்கத்தில் இருந்தால் நல்லதுதான். நான் எடிட்டர் வேண்டாம் என்று எங்கே சொன்னேன்? கேட்டை மறித்து நிற்கிற காவல்காரர் வேண்டாம் என்றேன்.

அந்தக் குறிப்புக்கு நடந்ததைக் கேள். படித்தவர்கள் பதில் எழுதிவிட்டார்கள். பழவேற்காட்டில் ஒருத்தர் ஒரு பேர் சொன்னார், கடலூரில் ஒரு டீச்சர் அதெல்லாம் இல்லை என்று வேறு பேர் சொன்னார், ரெண்டு பேரும் கமென்டில் சண்டை. அம்மாவைக் கேட்டால் மூன்றாவதாக ஒன்று சொன்னாள். அம்மா சொன்னதைச் சேர்த்து அன்றைக்கே திருத்தியிருப்பேன், அச்சாக இருந்தால் காலத்துக்கும் அசிங்கம். ஆனால் குணா, "வுட்டுடுக்கா, இந்த வரிக்குத்தான் நெறைய பேரு பேசறாங்க" என்றான். விட்டுவிட்டேன்.

ஒப்பந்தத்தைத் திருப்பி அனுப்புகிறேன். கையெழுத்து இல்லை. கவரில் போட்டு, திரும்ப எடுத்து, இன்னொரு தடவை படித்துவிட்டுத்தான் ஒட்டினேன். அந்த மேஜையை இனி நான் எட்ட நின்றுதான் பார்ப்பேன்.

ஒரே ஒரு கேள்வி. புரட்டினேன் என்று எழுதியிருக்கிறாய். நீ என் நாவலைப் படித்தாயா? அலமாரியில் கிடந்த காலத்திலும் சரி, இப்போதும் சரி, முதல் வரியிலிருந்து? நீ பாஸ் போட்டதும் இல்லை, பெயில் போட்டதும் இல்லை. "சார் சொன்னார்" என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறாய். லேடீஸ் பெட்டியில் நமக்கு எந்த சாரும் இல்லையே தீபா. யாரோ முகம் தெரியாத பெண் பூவைக் கட்டிக்கொண்டே தலையைத் தூக்கிப் பார்ப்பாள், அதற்காகத்தானே நமக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

இதற்குப் பதில் வேண்டாம். படி. அவ்வளவுதான்.

சரிதா


செங்கல்பட்டு ரயில் நிலையம்
29 ஏப்ரல் 2025

என் சரிதாவுக்கு,

ஊரைப் பார்த்தாயா? பீர்க்கன்கரணையில் இல்லை. செங்கல்பட்டு பிளாட்பாரத்தில் பெஞ்சில் உட்கார்ந்து, ஆபீஸ் பையில் இருந்த தாளில் எழுதுகிறேன்.

சாயங்காலம் கோடம்பாக்கத்தில் லேடீஸ் கம்பார்ட்மென்டில் ஏறினேன். மதியம்தான் உன் ஒப்பந்தத்தை வைத்தி சார் மேஜையில் வைத்தேன். "தலைக்கனம்" என்றார். நான் என் இடத்துக்குத் திரும்பி அடுத்த கட்டைப் பிரித்தேன். எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். வேலையை விடும் தைரியம் எனக்கு இல்லை, அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

ரயிலில் உன் நாவலை முதல் வரியிலிருந்து திறந்தேன். நிற்கத்தான் இடம். ஒரு கையில் கம்பி, ஆட்டத்தில் எழுத்து கண்ணில் நிற்கவில்லை. உன் அம்மாவை நினைத்து, படிக்கிற குரலைப் போட்டேன். இயர்போன் இல்லை. மெதுவாகத்தான் வைத்தேன். கீழே உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்த அம்மா ஒருத்தர், "சவுண்டு வெய்மே, நாங்களும் கேக்கறோம்" என்றார். வைத்தேன். பல்லாவரம் தாண்டும்போது நாலு பேர் பேச்சை நிறுத்தியிருந்தார்கள். எனக்கு மட்டும் நடு ரயிலில் அழுகை. நான் இறங்கும் பெருங்களத்தூர் வந்ததும் வாசலுக்கு நகர்ந்தேன். பூண்டு அம்மா என் சுடிதாரைப் பிடித்து இழுத்தார்.

"இன்னா, எறங்கப் போறியா? அப்ப அந்தப் பொண்ணு செவுத்தைத் தாண்டிச்சா இல்லியா?"

"தெரியலக்கா. நானும் இன்னும் படிக்கல."

"அப்ப குந்து."

குந்திவிட்டேன். வண்டலூர் போனது, நம் பொத்தேரி போனது. ஜன்னலில் நம் காலேஜ் விளக்குகள் தெரிந்தபோது உனக்குக் காட்ட வேண்டும் போலிருந்தது. அவர் எனக்கு முன்னாலேயே, தாம்பரத்தில் இறங்க வேண்டியவராம். செங்கல்பட்டில் ரயில் காலியானபோதுதான் அவருக்கே தெரிந்தது. "எங்க வூட்டுக்காரன் கத்துவான், நீயே பேசு" என்று போனை என் கையில் கொடுத்துவிட்டார். பேசினேன். அந்த மனுஷனிடம் நான் என்ன காரணம் சொல்ல? கதை கேட்டோம் என்றேன். பூண்டு எங்கே என்று கேட்டார்.

திரும்புகிற வண்டிக்கு நேரம் இருக்கிறது. பக்கத்தில் அந்த அம்மா உட்கார்ந்திருக்கிறார். அவர் போனில் உன் புத்தகத்தை இறக்கி, எழுத்தைப் பெரிதாக்கி, குரலைப் போட்டுக் கொடுத்தேன். நாலாம் அத்தியாயம் ஓடுகிறது. "இந்தக் காத்துக்குப் பேர் இன்னா? அம்மாவைக் கேக்கணும்" என்று அந்த ரயில்வே குரல் இப்போதுதான் சொன்னது. இவர் பூண்டை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "கேட்டாளாமா?"

கேட்டாள் என்றேன்.

ரெண்டு பேர் ஸ்டேஷனை விட்டிருக்கிறோம், சரிதா. நம் விதிப்படி ஒருத்தர் போதும்.

பிளாக்கை எடு. அடுத்ததாக நீ எழுதுவதை ஏற்றுவதற்கு முன்னால் எனக்கு அனுப்பு. கேட்டில் நிற்க மாட்டேன். காற்றுக்குப் பேர் மட்டும் பார்த்துச் சொல்கிறேன்.

உன்
தீபா