சிவப்பு மையில் அலர்ஜி

தென்காசி,
17.7.2025

அன்புள்ள ஏசுதாசா,

நலம். இங்கே லேசாகச் சாரல் விழுகிறது. குற்றாலத்தில் உனக்கு நிறையவே விழும்.

போனில் பேசினால் எனக்கு வார்த்தை முட்டும் என்பது உனக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன். எழுதப்போவது:

1. செவ்வாய்க்கிழமை நான் கண்டது.
2. என் நோயாளிகள் உன்னிடம் வருவது.
3. அலர்ஜி உள்ளவளுக்கு நீ ஊசி போட்டது.
4. ஒரு கேள்வி.

முதலாவது. செவ்வாய் காலை உமா, "நூர்நிஷாக்கா கூட ஐந்தருவிக்குப் போயிட்டு வாறேன்" என்று சொல்லிப் பக்கத்து வீட்டுக்காரியோடு போனாள். மதியம் திரும்பினாள். தலை நனையவில்லை. அருவியில் கூட்டம் போலிருக்கிறது என்று நினைத்து மோர் கொடுத்தேன். இடது கீழுதட்டின் ஓரத்தில் மோர் வழிந்து சேலையில் சொட்டியது. அவளுக்கு அது தெரியவில்லை. நாற்பத்தைந்து வருடம் பல் வைத்தியம் பார்த்தவனுக்கு இதற்கு மேல் என்ன சொல்ல வேண்டும்? அந்த உதடு ஊசியால் மரத்திருந்தது. என் மனைவியின் உதட்டை வேறொருவன் மரக்க வைத்திருக்கிறான். நூர்நிஷாவிடம் கேட்டேன். "ஒங்க பிரண்டு கிளினிக்குக்குத்தான போனோம் டாக்டர், உமா சொல்லலியா?" என்றாள். சொன்னாள் என்று சொல்லிவிட்டேன்.

இரண்டாவது. நீ மதுரையில் ஓய்வு பெற்று வந்து கிளினிக் திறந்தபோது உன் மீன் தொட்டிக்கு மீன் வாங்கித் தந்தவன் நான். இப்போது அச்சன்புதூர்க்காரர்கள் என் வாசலைத் தாண்டி உன்னிடம் வருகிறார்கள். "அங்கன ஊசி போட்டதே தெரியல டாக்டர்" என்று என்னிடமே சொல்கிறார்கள். இதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எண் போட்டுவிட்டதால் எழுதினேன்.

மூன்றாவது. 1997இல் என் கிளினிக்கில், மரப்பு ஊசி போட்ட இரண்டாவது நிமிடம், உமா வியர்த்து வெளுத்துக் கண் செருகிச் சாய்ந்தாள். அன்றே அவளுடைய சிகிச்சைக் கார்டில் சிவப்பு மையில் 'அலர்ஜி' என்று எழுதினேன். அதன் பின் அவளுக்கு ஊசியே போட்டதில்லை. ஊசி இல்லாமலே மூன்று பல் அடைத்தேன், ஒன்றைப் பிடுங்கினேன். நாற்காலிக் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, சத்தமில்லாமல் இருப்பாள். அப்படி ஒரு நம்பிக்கை என் மேல்.

அலர்ஜி முற்றினால் தொண்டை வீங்கி, மூச்சு அடைத்து, சில நிமிடங்களில் உயிர் போகும் என்று நாம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தோம். ஒவ்வொரு மாதமும் முதல் தேதி என் அலமாரியில் இருக்கும் அட்ரினலின் மருந்தின் காலாவதித் தேதியைப் பார்க்கிறேன். சிலிண்டரில் ஆக்சிஜன் எவ்வளவு என்று பார்க்கிறேன். நீ பார்த்தாயா?

நான்காவது. அவள் ஏன் உன்னிடம் வந்தாள்?

தவறாக எதுவும் எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்.

இப்படிக்கு,
ஆவுடைநாயகம்


குற்றாலம்,
20.7.2025

ஏலே ஆவுடை,

பஸ் ஏறினால் கால் மணி நேரத்தில் வந்து என் சட்டையைப் பிடித்திருக்கலாம். நீ கடிதம் எழுதி, அதற்கு எண்ணும் போட்டிருக்கிறாய். கல்லூரியில் காதல் கடிதத்துக்கே எண் போட்டவன்தானே நீ.

நான்காவதுக்கு முதலில் வருகிறேன். உமா ஏப்ரலிலேயே வந்தாள், கன்னத்தைப் பிடித்துக்கொண்டு. இடது கடைவாய்ப் பல்லில் வேர் வரைக்கும் சொத்தை. பையிலிருந்து ஒரு கார்டை எடுத்து நீட்டினாள். உன் மேசையிலிருந்து எடுத்து வந்த அவளுடைய கார்டு. "அண்ணாச்சி, இனி ஊசி இல்லாம என்னால முடியாது. அவுககிட்ட சொல்லிராதிய, மனசு ஒடிஞ்சிருவாக" என்றாள்.

முடியாது என்றுதான் நானும் சொன்னேன். பிறகு கார்டை முழுவதும் படித்தேன். நீ எதையும் விடாமல் எழுதுகிறவன். அது நல்லதாகப் போயிற்று. 'நாடி 48. ரத்த அழுத்தம் 80/50. குளிர்ந்த வியர்வை. தோலில் தடிப்பு இல்லை, வீக்கம் இல்லை, மூச்சில் இரைப்பு இல்லை. படுக்க வைத்துக் காலை உயர்த்தினேன். பத்து நிமிடத்தில் எழுந்து குளுக்கோஸ் குடித்தாள்.' இதற்குக் கீழே சிவப்பில் அலர்ஜி. ஆவுடை, அலர்ஜி என்றால் பெரும்பாலும் நாடி வேகமாக ஓடும், இப்படி இறங்காது. தோலிலோ மூச்சிலோ ஏதாவது தெரியும். இது வெறும் மயக்கம். தேதி 14.11.1997, வெள்ளிக்கிழமை என்றும் நீயே எழுதியிருக்கிறாய். வெள்ளிக்கிழமை விரதத்தில் அவள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாள் என்று எனக்கே தெரியும்.

ஆனாலும் ஊகத்தை நம்பி ஊசி போடவில்லை. மாத்திரையில் வலியை அடக்கி வைத்து, திருநெல்வேலிக்கு அனுப்பித் தோலில் சோதனை செய்ய வைத்தேன். நெல்லையப்பரைக் கும்பிடப் போவதாக உன்னிடம் சொன்னாளே, அன்றுதான். ஒன்றும் இல்லை என்று வந்தது. செவ்வாயன்று இட்லி சாப்பிட்டுவிட்டு வரச் சொன்னேன். படுக்க வைத்தே போட்டேன். மருந்தைச் செலுத்தும் முன் ஊசியின் தண்டைப் பின்னுக்கு இழுத்து, ரத்தம் வரவில்லை என்று பார்த்து, ஒரு நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொண்டு மெதுவாக. பக்கத்தில் அட்ரினலினும் ஆக்சிஜனும் இருந்தன. தேதியும் பார்த்தேன்.

பல் வெளியே வந்ததும், "எடுத்தாச்சா? இவ்வளவுதானா அண்ணாச்சி?" என்று கேட்டாள். பிறகு அழுதாள்.

வலது பக்கமும் ஒன்று எடுக்க வேண்டும்.

உன்,
ஏசுதாசன்


தென்காசி,
23.7.2025

ஏசுதாசா,

கடிதம் கிடைத்தது. இரண்டு முறை படித்தேன். ஒன்று மட்டும் கேட்கிறேன். அவள் அழுதபோது கண்ணைத் துடைத்தது யார்?

ஆவுடைநாயகம்


குற்றாலம்,
25.7.2025

முத்துசெல்வி, என் உதவியாளர். நான் கை கழுவிக்கொண்டிருந்தேன். இதுக்கும் ஒரு தபாலா லே?

ஏசுதாசன்


தென்காசி,
30.7.2025

அன்புள்ள ஏசுதாசா,

இந்தக் கடிதத்துக்கு எண் போடவில்லை. போட முயன்றேன், வரிசை பிடிபடவில்லை.

கார்டு என் மேசையில் பழைய இடத்திலேயே இருந்தது, உமா திருப்பி வைத்திருக்கிறாள். நீ எழுதியபடியேதான் இருக்கிறது. உமாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி கீரையைப் பார்த்தாள்.

"இத்தன வருசமும் வலிச்சுதா?"

"வலிக்காம இருக்குமா?"

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா?"

"அன்னைக்கு நான் கண்ணு முழிச்சப்ப ஒங்க மொகத்தப் பாத்தேன். மயக்கம் எனக்கு, உசுரு போனது ஒங்களுக்கு. மறுபடி அந்த மொகத்தப் பாக்கணுமேன்னுதான் சும்மா இருந்தேன்."

இதை நான் நம்பிக்கை என்று நினைத்துப் பெருமைப்பட்டிருக்கிறேன்.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்ல வேண்டும். தென்காசியில் எனக்குச் 'சாப்டியளா டாக்டர்' என்று பேர். யார் வந்தாலும் சாப்பிட்டீர்களா என்று கேட்பேன். இல்லை என்றால் எதிர்க் கடையில் இரண்டு இட்லி வாங்கிக் கொடுத்து, கொஞ்சம் பொறுத்து, படுக்க வைத்துத்தான் ஊசி. நீயும் கேலி செய்திருக்கிறாய். எப்போது ஆரம்பித்தேன் என்று கேட்டதில்லை. 17.11.1997, திங்கட்கிழமை. உமா மயங்கி மூன்று நாள் கழித்து.

அப்படியென்றால் அன்றைக்கே எனக்குத் தெரிந்திருக்கிறது. வந்தவர்களுக்கெல்லாம் என்னைத் திருத்திக்கொண்டேன், அவள் கார்டை மட்டும் திருத்தவில்லை. திருத்தினால், பட்டினியாக வந்தவளை ஒரு வார்த்தை கேட்காமல் உட்கார வைத்து அவசரமாக ஊசி போட்டவன் நான் என்று அதன் கீழே எழுத வேண்டும். அலர்ஜி என்று எழுதினால் குற்றம் அவள் உடம்பினுடையது. என் பயத்துக்கு அது வசதியாக இருந்தது. அந்த வசதிக்கு அவள் இருபத்தெட்டு வருடம் நாற்காலிக் கையைப் பிடித்திருக்கிறாள்.

நேற்று அந்தச் சிவப்பு வார்த்தையை அடித்தேன். காரணத்தை எழுதி, தேதி போட்டு, கையெழுத்து இட்டேன்.

வலது பக்கத்துப் பல்லை நான் எடுக்கட்டுமா என்று கேட்டேன். "அண்ணாச்சிகிட்டயே போறேனே" என்றாள் உமா. வயிறு எரிந்தது. இதை எழுதும்போதும் எரிகிறது.

வரும் செவ்வாய் பத்து மணிக்கு நானே அழைத்து வருகிறேன். மீன் தொட்டிப் பக்கம் உட்கார்ந்திருப்பேன். உள்ளே கூப்பிடாதே. காலையில் அவளைச் சாப்பிட வைப்பது என் பொறுப்பு.

முதல் கடிதத்தின் இரண்டாவது குறிப்பில் எனக்கு மாற்றமில்லை. மூன்றாவது குறிப்பு தவறு.

அன்புடன்,
ஆவுடைநாயகம்