தீக்கப்பல் பாடமும் செயலர் சொன்ன பொய்யும்

அனுப்புநர்:
ஜெயலீலா சாந்தகுமார்,
ஞாயிறு வரலாற்று வகுப்பு ஆசிரியை,
பிளசன்டன், கலிபோர்னியா.

பெறுநர்:
திரு. பிச்சுமணி அவர்கள்,
தலைவர், முல்லைத் தமிழ் மன்றம்,
பிளசன்டன்.

பொருள்: என் கணவரும் மன்றச் செயலருமான திரு. சாந்தகுமார் செயற்குழுவில் கூறிய பொய்யைத் திருத்தி, நிறுத்தப்பட்ட வரலாற்று வகுப்பை மீண்டும் நடத்த அனுமதி கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. ஜூன் 8 அன்று பன்னிரண்டு குழந்தைகளுக்குத் தீக்கப்பல் பாடம் நடத்தினேன். 1588இல் கலே துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டிருந்த ஸ்பானியப் படையை நோக்கி ஆங்கிலேயர் எட்டுக் கப்பல்களைக் கொளுத்திக் காற்றோடு அனுப்பினார்கள். அதில் ஒரு ஸ்பானியக் கப்பல்கூட எரியவில்லை. பயத்தில் நங்கூரக் கயிறுகளை அறுத்துக்கொண்டு சிதறியதுதான் அவர்களைக் கெடுத்தது. இதைக் காட்ட, மன்றம் வாடகைக்கு எடுக்கும் கூடத்தின் பின்புறம் பிளாஸ்டிக் தொட்டியில் காகிதக் கப்பல் விட்டோம்.

2. யோசனை என்னுடையது. தொட்டி வாங்கியவர், கப்பல்களை ஒட்டியவர், "பெர்மிஷன்லாம் கேட்டாச்சு, நீ கிளாஸை மட்டும் பாரு" என்றவர், அடுப்பு லைட்டரால் பற்றவைத்தவர், எல்லாம் என் கணவரே.

3. புகையைக் கண்ட பக்கத்து வீட்டார் 911ஐ அழைக்க, தீயணைப்பு வண்டி வந்தது. ஒரு புல்கூடக் கருகவில்லை. அனுமதியே வாங்கவில்லை என்று தெரிந்து அதிகாரி கண்டித்துவிட்டுப் போனார். அந்நேரம் என் கணவர் காருக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

4. ஜூன் 14 செயற்குழுவில் அவர், "நான் அப்பவே வேண்டாம்னு சொன்னேன் சார், அவங்க கேக்கல" என்றார். அவங்களாம்! பதினேழு வருடம் கூட வாழ்ந்தவள் ஐயா நான். எதிரேதான் உட்கார்ந்திருந்தேன். நீங்களும் வகுப்பை நிறுத்திவிட்டீர்கள். தீ வைத்தவர்கள் தப்பிக்க, கப்பலின் பின்னால் ஒரு சிறு படகு கட்டியிருக்கும் என்று பாடத்தில் சொல்லியிருந்தேன். அதை அவர் ஒருவர்தான் ஒழுங்காகப் படித்திருக்கிறார்.

5. வீட்டில் கேட்டால், "செக்ரட்டரி பேரு கெட்டா மன்றத்துக்கே ஹால் கிடைக்காது, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ" என்கிறார். என் பெயர் கெட்டால் பரவாயில்லையா? கடையில் பார்த்த ஒன்பது வயது மாணவி கயல், "அங்கிள்தானே லைட் பண்ணாரு ஆன்ட்டி, அப்புறம் ஏன் நம்ம கிளாஸ் கேன்சல்?" என்றாள். நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். கொத்தமல்லிக் கட்டோடு நகர்ந்துவிட்டேன். அன்று பட்ட அவமானம் இன்னும் ஆறவில்லை.

6. ஆகவே கூட்டக் குறிப்பைத் திருத்த வேண்டுகிறேன். அனுமதியை நேரில் சரிபார்க்காதது என் தவறு, அதையும் எழுதுங்கள். வகுப்பைத் திறந்து, முதல் நாளன்றே ஜூன் 8இல் நடந்ததை அவர் வாயாலேயே குழந்தைகள் முன் சொல்லவைக்க வேண்டும்.

இம்மனு கிடைத்ததும் அவர் உங்களை அழைத்து, "ஏதோ கோவத்துல எழுதிட்டா சார், விட்டுடுங்க" என்பார். நம்ப வேண்டாம். கோபத்தில் எழுதிய இரண்டையும் கிழித்துவிட்டேன். இது மூன்றாவது.

இடம்: பிளசன்டன்
நாள்: 18 ஜூன் 2025

இங்ஙனம்,
ஜெயலீலா