அறை வெப்பநிலை, விளாங்குடி

மே 6

நான்காவது கண்ணாடியும் காலை வாரிவிட்டது. உள்முகத்தில் என் பாலிமர் பூச்சு, நடுவில் திரவப் படிகம், இருபுறமும் போலராய்டு தாள். முப்பத்திரண்டு டிகிரிக்குக் கீழே மூலக்கூறுகள் நிமிர்ந்து நிற்க வேண்டும். கண்ணாடி கறுப்பாகத் தெரியும். சூடேறினால் படுத்துக்கொள்ள வேண்டும், வெளிச்சம் வரும். என்னுடையவை சூடேற்றும் முன்பே படுத்துக் கிடக்கின்றன. மதியத்துக்கு மேல் நானும் அப்படித்தான். லேப் ஏசி ஏப்ரலிலேயே விடைபெற்றுவிட்டது.

மே 9

இருபதாம் தேதி கமிட்டி. பூச்சு மாறி, திரும்பவும் பழையபடி மாறுவதைக் காட்டினால் ஆறு மாத நீட்டிப்பு. இல்லையென்றால் ஐந்து வருட ஆராய்ச்சிக்கு மூடுவிழா.

"பூச்சுலதான் கோளாறு, ஜெனிஷா" என்றார் என் கைடு தமிழ்வாணி மேடம். என்ன கோளாறு மேடம்? "அதைக் கண்டுபிடிக்கத்தானே பிஎச்டி."

அம்மா வாடிப்பட்டியில் தான் வேலை பார்க்கும் கான்வென்ட் பள்ளியிலேயே எனக்கு வேலை பேசிவிட்டாள். "சிஸ்டர்ட்ட சொல்லிட்டேன். ஜூன்ல சேந்துக்க. இம்புட்டுப் படிச்சது போதும்."

மே 13

ஆறாவது. அதே கதை.

மே 14

ஆறையும் டிபன் பாக்ஸில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். குப்பையில் போட மனசு வரலை. அடுப்படியில் வைத்துவிட்டுப் போய் அழுதேன். எழுதுவதற்கென்ன, யார் படிக்கப்போகிறார்கள்.

மே 15

டிபன் பாக்ஸைக் காணோம்.

"மிச்சச் சோறு இருக்கும்னு ஃப்ரிட்ஜுல வச்சேன். வந்த ஒடனே கழுவிப் போட மாட்டியா?" என்றாள் அம்மா.

மீன் குழம்புக்குப் பக்கத்தில் இருந்தது. திறந்தேன். ஆறும் கரிக்கட்டைக் கறுப்பு! ஒன்றைக் கையில் எடுத்தேன் — விளிம்பிலிருந்து வெளிச்சம் பரவியது. திரும்ப உள்ளே வைத்தேன். கறுத்தது.

பூச்சில் ஒரு கோளாறும் இல்லை. நான் பின்பற்றிய செய்முறையை எழுதி, அறை வெப்பநிலையில் தொடங்கச் சொன்ன ஜெர்மனிக்காரரின் அறை இருபத்தைந்து டிகிரி. நான் முப்பத்தெட்டில் உட்கார்ந்து தொடங்கியிருக்கிறேன். எங்கள் கருவிக்குச் சூட்டை ஏற்றத்தான் தெரியும், இறக்கத் தெரியாது. எனக்குமா தெரியாது? வேர்த்து ஒழுகியும் உறைக்கவில்லையே!

மே 20

டிபன் கேரியர் நிறைய ஐஸ் கட்டியோடு கமிட்டிக்குப் போனேன். கறுப்பு, உள்ளங்கை, வெளிச்சம். ஐஸ், மறுபடி கறுப்பு. வெளியூர்ப் பேராசிரியர் ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு தானும் செய்து பார்த்தார், திருப்பித் தரவே மனமில்லை.

"பூச்சு சரியாத்தான் இருக்குன்னு நான் அப்பவே சொன்னேன்" என்றார் மேடம். எப்பவோ!

நீட்டிப்பு கிடைத்தது. ஏசியும் கேட்டேன். கமிட்டி இரக்கப்பட்டு மேடம் அறைக்குப் பரிந்துரைத்திருக்கிறது.

வீட்டில் சொன்னேன். அம்மா டிபன் கேரியரை வாங்கி ஐஸ் தண்ணீரைக் கொட்டினாள். பிறகு, "நான் எதுக்குடி அதைத் தூக்கி உள்ள வச்சேன்!"

ஜூன் 2

பள்ளி திறப்பு. அம்மா மட்டும் வாடிப்பட்டி பஸ்ஸுக்குக் கிளம்பினாள். முகம் கொடுத்துப் பேசவில்லை. வாசல்வரை போனவள் திரும்பிப் பார்த்தாள்.

"ஃப்ரிட்ஜுல மேல்தட்ட ஒழிச்சு வச்சிருக்கேன். ஒன் கண்ணாடிய அதுல வச்சுக்க. மீன் வாடை ஏறிறப் போகுது."