டீசல் டேங்க் மூடி

ஓசூர்,
வியாழக்கிழமை.

அன்புள்ள ரத்தினவேல் அண்ணனுக்கு,

தங்கை வீரலட்சுமியின் வணக்கம். சாத்தூரில் நீங்களும் மதினியும் பிள்ளைகளும் நல்லபடியாக இருப்பீர்கள். மதினியின் முட்டுவலி தேவலையா?

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனில் பேசினால் ஹரிணியின் அப்பா பக்கத்திலேயே இருப்பார். வண்டிக்குள் தனியாகப் பேச ஒரு மூலை கிடையாது. இப்போது அவர் எங்களுக்கிருக்கும் ஒரே போனையும் எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்கிறார். நான் தபால் நிலைய பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஆமாம் அண்ணே, வீட்டைக் காலி செய்துவிட்டோம். உங்களிடம் சொல்லவில்லை. கம்பெனியில் அவர் இருந்த பிரிவை மூடிய பிறகு, பெங்களூர்க்காரர் ஒருவரிடம் பழைய வேன் ஒன்றை வாங்கினார். உள்ளே படுக்கை, அடுப்பு, சின்னத் தொட்டி எல்லாம் உண்டு. ஊர் ஊராகப் போய் வீடியோ எடுத்துப் போட்டால் பிழைத்துக்கொள்ளலாமாம். அவர் கெட்டவரில்லை. இனி யாரும் தன்னை வெளியே போகச் சொல்லக்கூடாது என்று நினைக்கிறார், அவ்வளவுதான். ஆனால் சிப்காட் தொழிற்பேட்டைக்குப் பின்னால் லாரிகள் நிற்கும் பொட்டலில், முழங்காலை மடக்கியே படுத்து, பெட்ரோல் பங்க்கில் குளித்து நாங்கள் இருக்கிறோம். ஹரிணி பத்தாம் வகுப்பு. டேஷ்போர்டு மேல் புத்தகத்தை வைத்துப் படிக்கிறாள். பள்ளிக்கூடம் போகாமலே பரீட்சையைத் தனியாக எழுதிக்கொள்ளலாம் என்கிறார் அவர்.

இத்தனை நாள் எங்களைப் போகவிடாமல் வைத்தது அந்த வண்டிதான். சமதளத்தில் நன்றாக ஓடும். மேடு ஏறும்போது திடீரென்று இழுவை குறைந்து, எவ்வளவு மிதித்தாலும் முக்கும். அப்புறம் நின்றுவிடும். கொஞ்ச நேரம் சும்மா விட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்பும். மெக்கானிக் அக்பர் பாஷா டீசல் பில்டரை மாற்றினார், பம்பைக் கழற்றிப் பார்த்தார், குழாய்களை ஊதினார். அவர் பட்டறையில் ஒரு குறையும் தெரியாது. “என்னாண்ட வந்தா மட்டும் நல்லா ஓடுது, நான் என்னாத்த பாக்கறது?” என்று அவரே நொந்துகொண்டார்.

காரணம் எனக்குத் தெரியும் அண்ணே. ஒருநாள் ராயக்கோட்டை ரோட்டில் வண்டி நின்றபோது, டீசல் இருக்கிறதா என்று டேங்க் மூடியைத் திறந்தேன். இறுகிக் கிடந்த மூடி உஸ்ஸென்று காற்றை இழுத்துக்கொண்டு கழன்றது. உடனே வண்டி கிளம்பிவிட்டது. எண்ணெய் டின்னில் ஒரே ஓட்டை போட்டால் எண்ணெய் ஒழுங்காக வராதே, எதிரில் இன்னொன்று போடுவோமே, அதே கதைதான். பழைய மூடி தொலைந்து ஹரிணியின் அப்பா வாங்கிப் போட்ட புது மூடியில் காற்று போக ஓட்டையே இல்லை. பட்டறையில் முதலில் மூடியைத் திறந்துவிடுவார்கள், அதனால் அங்கே கோளாறு தெரிவதில்லை.

நான் வாயைத் திறக்கவில்லை. வண்டி ஓடாதவரை ஹரிணி பள்ளிக்கூடம் போவாள் என்று இருந்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் அவர் பட்டறையிலிருந்து ஏமாந்து திரும்புவார். ஆனாலும் சொல்லவில்லை.

போன ஞாயிறு மேடு ஏறுகிறதா பார்க்கலாம் என்று தேன்கனிக்கோட்டை தாண்டி அஞ்செட்டி ரோட்டுக்குக் கூட்டிப்போனார். காட்டுக்குள் ஏற்றத்தில் வண்டி நின்றது. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. எதிரே பைக்கில் வந்த ஒருவர் நிறுத்தாமலே, “ஆனைங்க ராகிக் கொல்லைய விட்டு ரோட்டுக்கு ஏறுதுங்க, சீக்கிரம் வண்டிய எடுங்க!” என்று கத்திவிட்டுப் போனார். இவர் சாவியைத் திருப்பிக்கொண்டே இருக்கிறார். கிளம்பவில்லை. கீழே மூங்கில் முறியும் சத்தம் கேட்டது. ஹரிணி என் கையை நகம் பதியப் பிடித்தாள். அவர் முகத்தில் அப்படியொரு பயத்தை நான் பார்த்ததே இல்லை.

கையை உதறிக்கொண்டு இறங்கினேன். மூடியைத் திருகி எடுத்தேன். உஸ்ஸென்ற சத்தம் அவருக்கும் கேட்டது. “இப்ப எடுங்க” என்றேன். மூடியை மடியில் வைத்தபடியே வந்தேன். மலை முழுக்க வண்டி ஒரு இடத்திலும் திணறவில்லை.

ஊர் வெளிச்சம் வந்த பிறகுதான் கேட்டார். “ரொம்ப நாளாவே தெரியுமா?” மடியிலிருந்த மூடியை எடுத்து அவர் பக்கத்தில் வைத்தேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை. மறுநாள் காலையில் மூடியில் அவரே ஓட்டை போட்டார்.

வருகிற திங்கட்கிழமை கர்நாடகா பக்கம் கிளம்புகிறோம். இன்று ஹரிணியின் டி.சி. வாங்கத்தான் போயிருக்கிறார்.

அண்ணே, இதை ஸ்பீடு போஸ்டில் போடுகிறேன், ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்துவிடுங்கள். கடிதம் கிடைத்ததாகக் காட்டிக்கொள்ள வேண்டாம்; ஓசூரில் இறங்கி அவருக்குப் போன் செய்து, எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டுக்கொண்டே வாருங்கள். மதினிக்கு முடியவில்லை, ஒத்தாசைக்குப் பிள்ளையை அனுப்புங்கள் என்று கேளுங்கள். உங்கள் பேச்சை அவர் தட்டமாட்டார். டி.சி. கையில் இருப்பதால் அங்கேயே சேர்த்துவிடலாம். அவள் புத்தகங்களை மட்டும் ஒரு பையில் தனியாக வைத்திருக்கிறேன். துணிமணிகளை எடுத்தால் தெரிந்துவிடும். அங்கே வாங்கிக்கொடுங்கள்.

என்னை ஏன் கூட்டி வரவில்லை என்று மதினி கேட்பார்கள். வண்டியில் இரண்டு பேர் என்றால் கால் நீட்டிப் படுக்கலாமாம் என்று சொல்லிவிடுங்கள்.

நீங்கள் எல்லோரும் நன்றாக இருக்க வேண்டும். என் பிள்ளை உங்கள் வீட்டில் பயமில்லாமல் படிக்கட்டும்.

வழி பார்த்திருக்கும் தங்கை,
வீரலட்சுமி