சுவரில் ஓட்டை போடாமல் கட்டிய வயர்கள்

மாரியம்மன் துணை

மேல்கணக்கு, கல்லுமலைத் தோட்டம்,
திம்புள்ள.
18.06.2006

அன்பு மகன் யோகேசுக்கு,

அம்மா எழுதுவது. அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, வெயிலுக்குத் தலையில் துணி கட்டிக்கொண்டு வேலைக்குப் போய் வருகிறாய் என்று நம்புகிறேன். நாங்களும் இங்கே சுகம் என்று எழுதத்தான் கை தானாகப் போகிறது. இரண்டு தாளில் அப்படி எழுதி இரண்டையும் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டேன். சுகம் இல்லை சாமி. இரண்டு வெள்ளிக்கிழமை நீ அங்கிருந்து போன் எடுத்துக் கூப்பிட்டு, இரண்டு தடவையும் இங்கே நம் போன் செத்துக் கிடந்ததே, நீ என்னவெல்லாம் நினைத்துத் தவித்திருப்பாய் என்று எண்ணி எண்ணி எனக்குச் சோறு இறங்கவில்லை. என்ன நடந்ததென்று ஒன்று விடாமல் எழுதுகிறேன். தபாலில் போட்டால் மாசக் கடைசிக்குள் வந்து சேராது. கீழே பணியக்கணக்கில் இருக்கும் பழனியாண்டியின் மருமகன் செவ்வாய்க்கிழமை கட்டாருக்குப் பிளேன் ஏறுகிறான், உன் கேம்ப் வாசலுக்கே கொண்டுவந்து தருவதாகச் சொல்லியிருக்கிறான், அவன் கையில்தான் கொடுத்து விடுகிறேன். கடைசி வரி வரைக்கும் வாசிக்காமல் அந்தக் கம்பெனித் தாளில் கையெழுத்துப் போட்டுவிடாதே, உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன். ஒரு தாய் சொல்லக் கூடாத வார்த்தைதான், சொல்லிவிட்டேன்.

போன மாசம் நீ பேசும்போது என்னிடம் கேட்டாய் அல்லவா, முப்பதாம் தேதிக்குள் இன்னும் இரண்டு வருசத்துக்குக் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள், போடாவிட்டால் வீட்டுக்கு டிக்கெட் என்கிறார்கள், நான் என்ன செய்யட்டும் என்று. நான் ஒன்றும் சொல்லவில்லை. நீயும் என்னைச் சொல்லச் சொல்லவில்லை. "அப்பா என்ன சொல்றாரோ அதாம்மா. ஆனா அவரு வாயாலயே சொல்லணும், நீங்க சொல்லி நான் கேக்கமாட்டேன்" என்றாய். வெள்ளிக்கிழமைதான் உனக்கு லீவு, இனி அன்றைக்கு ஐந்து மணிக்கு எடுக்கிறேன் என்றாய். நாங்கள் உன்னைக் கூப்பிட உன்னிடம் ஒரு நம்பரும் இல்லை. எனக்கோ வெள்ளிக்கிழமையில்தான், வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப் போகும் புள்ளக்காம்பராவுக்கு மிட்வைப் அம்மா வந்து பிள்ளைகளை நிறுத்துப் பார்ப்பார், அவர் போகும்வரை ஆயா நான் நகர முடியாது. அதனால் அப்பாவைப் போனுக்குப் பக்கத்திலேயே இருக்கச் சொல்லிவிட்டுப் போனேன். நம்முடைய போனின் பேட்டரி ஊதிப் போய்விட்டது. வயரில் செருகியிருந்தால்தான் அதற்கு உயிர், பிடுங்கினால் பத்து நிமிசம்கூடத் தாங்காது.

மேசையைப் பற்றிச் சொல்லாவிட்டால் உனக்கு விளங்காது. நீ ஏ.எல். படித்த அதே மேசைதான். மே மாசத்து இடியில் பணியக்கணக்கு டிரான்ஸ்போமர் எரிந்துபோய் இன்னும் மாற்றவில்லை. அங்கிருக்கிறவர்கள் காலையில் பெயர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகிற வழியில் போனையும் சார்ஜரையும் கொண்டுவந்து உன் மேசையில் வைத்துவிட்டுப் போகிறார்கள், சாயங்காலம் கொழுந்து நிறுத்துவிட்டு வந்து எடுத்துக்கொள்கிறார்கள். நம்முடையதும் சேர்த்து ஒன்பது போன், ஒன்பதுக்கும் ஒன்பது தினுசு பின். நமக்கு இருப்பதோ ஒரே பிளக். அதில் மல்டி பிளக், அந்த மல்டி பிளக்கில் இன்னொன்று. மேசை முழுக்க வயர், எதன் தலை எதன் வால் என்று தெரியாது. முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒவ்வொரு போனுக்கும் அந்தப் பக்கத்தில் கொழும்பிலோ, குவைத்திலோ ஒரு பிள்ளை இருக்கிறதே, நானும் ஒரு பிள்ளையை அனுப்பிவிட்டு இருக்கிறவள்தானே.

முதல் வெள்ளி நான் ஓடிவந்து சேரும்போது ஐந்து இருபது. அப்பா மேசைக்கு முன்னால் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், போன் கறுத்துக் கிடக்கிறது. அவர் கையை விரித்துக் காட்டினார். பார்த்தால் நம்முடைய வயரின் பின் தொங்குகிறது, பக்கத்தில் காளியாயியின் போன் ஜம்மென்று ஏறிக்கொண்டிருக்கிறது. காளியாயிதான் தெரியுமே, சுவருக்கு அந்தப் பக்கத்துக் காம்பரா. அவர்கள் வீட்டு பிளக் பழுது என்று அவளும் இங்கேதான் போடுகிறாள். எனக்குக் கண் மண் தெரியவில்லை யோகேசு. பீலிக்கரையில் நாலு பேர் தண்ணீர் பிடிக்கும் இடத்தில் வைத்து அவளை வாய்க்கு வந்தபடி ஏசினேன். என் பிள்ளையின் வாழ்க்கையைப் பிடுங்கிப் போட்டுவிட்டு உன் போனுக்குப் பால் கொடுத்தாயா என்று கேட்டேன். அவள் குடத்தைக் கீழே வைத்துவிட்டு, "ஒங்க புள்ள போன நான் எதுக்குக்கா கழட்டப்போறேன்? அவன நானுந்தானே தூக்கி வளத்தேன்" என்றாள். அழுதுகொண்டே போய்விட்டாள். அன்று எனக்கு அது நடிப்பாகத் தெரிந்தது.

மறுநாளே இந்தச் சிக்கலுக்கு ஒரு வழி பண்ணாமல் விடுவதில்லை என்று நுவரெலியாவுக்குப் பஸ் ஏறினேன். பக்கீர் நானாவின் போன் கடையில் கேட்டால், சுவரில் நாலு ஓட்டை போட்டு கிளிப் அடித்தால் அரை மணி வேலை என்றார். நம்முடைய சுவரில் எங்கே ஓட்டை போடுவது? போன வருசம் நாலாம் லயத்து வீடு ஒன்றில் டிவித் தட்டுக்கு மிசின் வைத்துத் துளைத்து, மண்ணும் கல்லுமாகப் பக்கத்துக் காம்பராவுக்குள் சரிந்ததிலிருந்து ஒரு ஆணிகூட அடிக்கக் கூடாதென்று ஆபீசில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். நோட்டீஸ் இல்லாவிட்டாலும் அந்தச் சுவருக்கு அடுத்த பக்கம் காளியாயியின் பேரப்பிள்ளை தூங்குகிறது. கோபம் வேறு, பச்சைப் பிள்ளை வேறு. பக்கீர் நானா ஒட்டுகிற கொக்கி கொடுத்தார். நம் ஊர் மழை ஈரத்தில் சுண்ணாம்புச் சுவரில் எது ஒட்டும், காலையில் பார்த்தால் எல்லாம் சுண்ணாம்பையும் உரித்துக்கொண்டு கீழே கிடந்தன. அப்புறம்தான் எனக்கு உறைத்தது, இருபது வருசமாக முப்பது பிள்ளைகளின் தொட்டிலையும் போத்தலையும் ஒன்றோடொன்று மாறாமல் பார்த்துக்கொண்டவள் நான், இந்த ஒன்பது வயருக்கா கலங்குகிறேன் என்று. என் பழைய சீலை ஒன்றை மேசைக்கு அடியில் நாலு காலிலும் கட்டித் தொட்டில் மாதிரித் தொங்கவிட்டேன். மிச்ச வயரையெல்லாம் சுருட்டி அதற்குள் போட்டேன். உன் சப்பாத்துப் பெட்டியில் பக்கத்துக்குப் பக்கம் வெட்டி, சூடு அடையாமல் மூடியிலும் துளை போட்டு, மல்டி பிளக்கை அதற்குள் வைத்தேன். மேசை விளிம்பில் துணி காயப்போடும் கிளிப்பை வரிசையாக மாட்டி ஒவ்வொரு கிளிப்பிலும் ஒரு பின். புள்ளக்காம்பராவில் ஒவ்வொரு தாயும் தன் சீலைக் கரையைக் கிழித்துப் பிள்ளையின் தொட்டிலிலும் போத்தலிலும் கட்டிவிட்டுப் போவாளே, அதேபோல வயருக்கு இரண்டு முனையிலும் அவரவர் சீலைக் கரையைக் கட்டச் சொன்னேன். காளியாயி என்னோடு பேசாமல் வந்து தன்னுடைய மஞ்சள் கரையைக் கட்டிவிட்டுப் போனாள். நமக்கு நீலக் கரை. ஆபீஸ் மேசைகளுக்கு வயர் இழுக்கிறவன் நீ, பார்த்தால் உன் வேலைக்கு என்னைச் சேர்த்துக்கொள்வாய். ஒரு ஓட்டை இல்லை, ஒரு ஆணி இல்லை.

போன வெள்ளி, மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்து பார்த்தேன். நீலக் கரை வயரில் நம் போன் ஏறிக்கொண்டிருந்தது. நீ முதல் வாரம் கிடைக்காததால் மறுவாரம் அதே நேரத்துக்கு எடுப்பாய் என்று எனக்குத் தெரியும். அப்பாவிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன். ஐந்து பத்துக்கு வந்தேன். போன் செத்துக் கிடக்கிறது. நீலக் கரை கட்டிய பின் அதன் கிளிப்பில் ஒழுங்காக மாட்டியிருக்கிறது, ஒரு இழைகூடச் சிக்கவில்லை, மற்ற வயர்களும் அதனதன் இடத்தில் இருக்கின்றன. அன்றைக்குக் காளியாயி தன் போனைக் கொண்டுவரவே இல்லை. வயர்கள் சிக்கிக் கிடந்த வரைக்கும் யார் மேலாவது பழியைப் போட முடிந்தது. இவ்வளவு சுத்தமாக இருக்கிற மேசைக்கு முன்னால் நின்று நான் யாரைச் சொல்வேன். வீட்டில் அப்பா ஒருவர்தான் இருந்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"நான்தான் கழட்டுனேன், போன தரமும் நான்தான்" என்றார். அவர் சொன்னது எனக்கே பாதிதான் கேட்டது. குரல் இல்லை யோகேசு. மூன்று மாசமாகத் தொண்டை கட்டியிருக்கிறது, பனியும் மழையும் சேரவில்லை என்று கொத்தமல்லி அவித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன், புத்தி கெட்டவள். சித்திரையிலும் வைகாசியிலும் நீ பேசும்போதெல்லாம் தண்ணீர் பிடிக்கப் போகிறேன் என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாரே, பிள்ளை எடுக்கும் நேரத்தில்தான் உங்களுக்குத் தண்ணீர் தாகமா என்று சண்டை போட்டேனே, அது இதற்குத்தான். அடிக்க விட்டுவிட்டு எடுக்காமல் இருந்தால் காளியாயி சத்தம் கேட்டு ஓடி வந்து எடுத்து அவர் காதில் வைத்துவிடுவாள் என்று கழற்றியிருக்கிறார். என்னிடம் சொல்லாமல் இரண்டு தடவை நுவரெலியா ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். தொண்டைக்குள் ஒரு கட்டி இருக்கிறதாம், கண்டிக்குப் போய் அதில் ஒரு துண்டு சதை வெட்டிப் பார்க்க வேண்டுமாம், கூட ஒரு ஆள் வர வேண்டுமாம். அதற்குக் கொடுத்த நாள் இந்த மாசம் ஆறாம் தேதியோடு போய்விட்டது. ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று நான் தலையில் அடித்துக்கொண்டபோது, "இந்தக் கொரலக் கேட்டா அவன் கையெழுத்துப் போடுவானா? இங்க வந்து தேயில வெட்டுற கவ்வாத்துக் கத்தியையா புடிக்கப் போறான்?" என்று கேட்டார். அவ்வளவு சொல்வதற்குள் அவருக்கு மூச்சு வாங்கியது.

நேற்று அவருடைய கிளினிக் அட்டையை எடுத்துக்கொண்டு நானே ஆஸ்பத்திரிக்குப் போனேன். வரும் ஜூலை நாலாம் தேதிக்குக் கண்டி ஆஸ்பத்திரிக்குத் துண்டுச்சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். டாக்டர் நோனா என் கையைப் பிடித்து, "பரக்கு கரன்ன எபா" என்றார். இனியும் தாமதிக்காதே என்று. எனக்குத் தெரிந்த சிங்களத்தில் வேறு என்ன கேட்பதென்று தெரியாமல் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். வந்த கையோடு காளியாயியின் காம்பராவுக்குப் போய்த் தப்பு என்னுடையது என்று சொன்னேன். அவள் பேரப்பிள்ளையை என் மடியில் வைத்துவிட்டுத் தேத்தண்ணி போடப் போனாள்.

இப்போது சொல்கிறேன். வந்துவிடு யோகேசு. இது அப்பா வாயால் வரவில்லை, என் வாயால் வருகிறது, நீ கேட்கமாட்டேன் என்று சொன்ன வாய்தான், இருந்தாலும் கேள். கண்டியில் என்ன சொல்வார்களோ எனக்குத் தெரியாது. தனியாக அந்த வாசலில் உட்கார்ந்து அதைக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. இருபது வருசம் ஊரான் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவளுக்கு இன்றைக்குத் தன் பிள்ளை பக்கத்தில் வேண்டும் என்று கேட்பது பேராசை என்றால் அப்படியே இருக்கட்டும். வேலை போனால் போகட்டும், அதற்குப் பிறகு நடப்பதைப் பிறகு பார்ப்போம். இத்தனை நாள் இந்த வீட்டில் நீ நன்றாக இருக்க வேண்டுமென்று ஆளுக்கு ஆள் மறைத்ததில் நான் பாதி செத்துவிட்டேன். அதனால் இந்தத் தாளையும் ஒளித்து அனுப்பப்போவதில்லை. எழுதி முடித்து அப்பா கையிலேயே கொடுக்கப்போகிறேன். பிடிக்காததைப் பேனாவால் வெட்டுங்கள், கிழிக்க மட்டும் கூடாது என்று சொல்லித்தான் கொடுப்பேன்.

கோயிலில் உன் பெயருக்கு விளக்குப் போட்டிருக்கிறேன். ஆத்தா உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றட்டும், எந்தக் குறையும் உன்னை அண்டாமல் இருக்கட்டும். ஒன்றை மறக்காதே. வரும் வெள்ளி ஐந்து மணிக்குக் கட்டாயம் எடு. மிட்வைப் அம்மாவிடம் சொல்லி நாலு மணிக்கே வந்துவிடுவேன், போன் என் கையில் இருக்கும். அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். அவரிடம் கேள்வி ஒன்றும் கேட்காதே. நீ பேசிக்கொண்டே இரு, அவர் கேட்டுக்கொண்டிருப்பார்.

இப்படிக்கு,
உன் வழியைப் பார்த்திருக்கும் அம்மா
செ. ராசம்மா

யோகேசு, அம்மா எழுதியதெல்லாம் வாசித்தேன். ஒன்றையும் வெட்டவில்லை.
அப்பா